ஏறிப் பார், கத்தரின்

“மிச்ச நண்டு உன்ர வயித்துக்குள்ளதான் கிடக்கும், கத்தரின். வழியில சுட்டுத் திண்டிருப்பாய்” என்றார் வாடி முதலாளி அமிர்தநாயகம்.

நண்டுப் பெட்டிகளோடு வாடிக்குள் வரிசையில் நின்ற சனம் முழுக்கச் சிரித்தது.

கத்தரின் கேட்டது ஒரு சின்னக் கேள்வி. விடியப்புறம் அவளும் புருஷன் யாகப்புவும் சேர்ந்துதான் வலையிலிருந்து நண்டைக் கழற்றிப் பெட்டியில் போட்டார்கள். கரையில் தூக்கும்போது இடுப்பை முறிக்கிற பெட்டி, வாடிக்கு வந்ததும் எப்படி இலேசாகிப் போகிறது? கொஞ்ச நாளாகவே கேட்கிறாள். அந்தக் குறைச்சலில்தான் அவள் வீட்டு அரிசியும் குறைகிறது.

முதலில் தண்ணீர் வடிந்துவிட்டது என்றார் முதலாளி. இப்போது அந்த நியாயமும் சொல்வதில்லை. அவளுடைய உடம்பைப் பற்றி ஒரு பகிடி விடுவார், ஊர் சிரிக்கும், கேள்வி அதோடு செத்துப்போகும். அந்தக் கரையில் நண்டு வாங்குகிற வாடி அது ஒன்றுதான். யாகப்புவும், எங்களுக்கேன் வீண் சோலி என்று அவளை இழுத்துக்கொண்டு போய்விடுவான்.

இன்று யாகப்பு இல்லை. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு எஞ்சின் திருத்தப் போய்விட்டான். கிளினிக்குக்குப் போயிருந்த கத்தரின் நேரே வந்து வரிசையில் நின்றாள். பின்னால் நின்ற வசந்தமலரும் றொசானாவும் காலையிலிருந்தே அவளைப் பார்த்துப் பார்த்துக் கிசுகிசுத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“கோவிக்காத. உன்ர நன்மைக்குத்தான் சொல்லுறன்” என்றார் அமிர்தநாயகம், கதிரையில் சாய்ந்தபடி. “நாலு பேருக்கு முன்னால வெக்கப்பட்டாத்தான் மனுசருக்கு எடை குறையும்.”

நன்மையாம்! கத்தரினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரத்தத்தில் சீனி கூடிய வருத்தம் என்று கிளினிக்கில் சொன்னதும் எல்லோரும் நடக்கச் சொன்னார்கள். தாராபுரம் றோட்டில் நடந்தாள். தண்ணி பவுசர் லொறி வருகுது, விலகுங்கோ என்று மோட்டார் சைக்கிளில் போனவர்கள் கத்தினார்கள். நடையை விட்டாள். சோம்பேறி என்றார்கள். திருநாள் வீடுகளில் வேண்டாம் வேண்டாம் என்று கையால் மறைத்தாலும் கோப்பையில் இன்னோர் அகப்பை சோறு கொட்டியவர்கள், அவள் முதுகைத் திருப்பியதும் தின்ற தீனியைப் பற்றிக் கதைத்தார்கள். ஊர் இவ்வளவு பாடுபட்டும் அவள் ஒரு இறாத்தல் குறையவில்லை. கோயிலுக்குப் போவதுதான் குறைந்தது.

“ஏறிப் பார், கத்தரின்” என்று தராசைக் காட்டினார் முதலாளி. “நண்டை விடு. உன்ர எடையை ஊரும் ஒருக்கா அறியட்டும்.”

இதுவும் புதிதில்லை. வழக்கமாக இந்த இடத்தில்தான் அவள் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விடுவாள். இன்று போகவில்லை. தராசிலிருந்த தன் பெட்டியை இழுத்துக் கீழே வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். ஏறி நின்றாள்.

முதலாளி இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் கையில் கிடைத்த பகிடியை விடுகிற ஆளா அவர்? எழும்பி வந்து, குனிந்து பார்த்து, மீன் ஏலம் கூறுகிறவனைப் போலக் கத்தினார்.

“எண்பத்து மூண்டு கிலோ!”

ஒரே சிரிப்பு. யாரோ விசிலும் அடித்தார்கள். வசந்தமலரும் றொசானாவும் மட்டும் சிரிக்கவில்லை.

“இன்னொருக்காச் சொல்லுங்கோ, முதலாளி” என்றாள் கத்தரின்.

“எண்பத்து மூண்டு. ஏன், காதும் கொழுத்துப் போச்சோ?”

கத்தரின் தராசில் நின்றபடியே திரும்பினாள்.

“வசந்தமலர் அக்கா, காலமை கிளினிக்கில நேர்ஸ் மிஸ்ஸி என்ர எடையைச் சத்தம் போட்டுச் சொல்லேக்க, நீங்களும் றொசானாவும்தானே விழுந்து விழுந்து சிரிச்சனீங்கள். எவ்வளவு எண்டு சொன்னவ?”

வசந்தமலர் முதலாளியைப் பார்த்தாள். தராசைப் பார்த்தாள். பிறகு தன் காலடியில் இருந்த சொந்த நண்டுப் பெட்டியைப் பார்த்தாள்.

“தொண்ணூத்திரண்டு” என்றாள்.

“வெக்கப்பட்டாத்தான் எடை குறையும் எண்டனீங்கள், முதலாளி” என்றாள் கத்தரின், தராசை விட்டு இறங்காமல். “வெக்கம் என்னத்துக்கு? உங்கட தராசில ஏறினாலே ஒன்பது கிலோ குறையுதே.”