வெள்ளிக்கிழமை இறைச்சி

“கொழும்புக்குப் போயிட்டு வந்ததிலேருந்து அவருக்குக் கடவுளே இல்லியாம், சாமி!” முட்டம் பங்குச்சாமியாரிடம் அழுதாள் ரெஜினாள்.

“இல்லேங்கிறவன், தெரியாதுங்கிறவன், கவலையே படாதவன்னு அவிசுவாசத்துல பல வகை உண்டும்மா. உன் புருஷன் எந்த வகை?”

“வெள்ளிக்கிழமை இறைச்சி கேக்குற வகை, சாமி. வைக்கலேன்னா திரும்பவும் கப்பலேறிருவேங்காரு.”

“இறைச்சி விலக்க வேண்டிய சுத்தபோசன நாள்லயா! வச்சியா?”

“இடிச்சக்கையை மசாலா போட்டு வறுத்து, இறைச்சின்னு சொல்லி வைக்கேன். ருசிச்சுத் தின்னுறாரு.”

“பலாப்பிஞ்சா!” சாமியார் சிரித்துவிட்டார்.

“சிரிக்காதீங்க சாமி. இப்ப மரத்துல அவ்வளவும் பழுத்துப்போச்சே!”



அந்த வெள்ளிக்கிழமை ரெஜினாள் வேறு வழியில்லாமல், மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நிஜமான ஆட்டிறைச்சியைப் பரிமாறினாள்.

ஒரு துண்டை வாயில் போட்ட புருஷன் சந்தியாகு, பதறிப்போய்த் துப்பினான்.

“ஏட்டி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா நெசமான இறைச்சியை வச்சிருக்கியே, ஒனக்குக் கடவுள் பயமே இல்லியா?”