அச்சில் இருந்தது

"இந்தப் புக்கையா வாங்கியாந்தீங்க? உங்களுக்கு மனசாட்சியே இல்லையா, ராஜாம்பா அக்கா?"

ஜெயமேரி குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். அட்டையில் கம்பிக்குப் பின்னால் ரத்தம் வழியும் ஒரு முகம். பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் தொங்கும் மாத நாவல்.

"ஏன், என்னா இப்ப?"

"ஜெயிலுக்குள்ள நடக்கற கொலைக் கதை. பக்கத்துல நீலாவதி உக்காந்திருக்குது. அது வூட்டுக்காரரு எங்க இருக்காருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். நீ படி, டீச்சர்."

பீங்கான் கம்பெனி ஷெட்டில் அது வழக்கம். மற்ற பெண்கள் சூளையில் இன்னும் சுடாத ஃபியூஸ் கட்டைகளின் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் துடைப்பார்கள். கான்வென்ட்டில் படித்த ஜெயமேரி கதை படிப்பாள். அவள் பங்கு வேலையை ஆளுக்குக் கொஞ்சமாகச் செய்து அவள் பலகையை நிரப்பிவிடுவார்கள். வேறு யாருக்கும் எழுத்துக் கூட்டக்கூட வராது. சூப்பர்வைசர் கலியமூர்த்தியும் கண்டுகொள்ள மாட்டார். கதை ஓடினால் கையும் ஓடும்.

நீலாவதி தலை நிமிரவில்லை. வரப்புத் தகராறில் அவள் புருஷன் தர்மராஜ் உள்ளே போய் நாலு மாசம்.

ஜெயமேரி புரட்டிப் பார்த்தாள். முதல் பக்கத்திலேயே ஒருவன் கையை ஒடிக்கிறார்கள். நீலாவதியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வீட்டில் கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்தவள். கதவை யாராவது ஓங்கித் தட்டினாலே நடுங்குகிறவள்.

'மாதாவே, இந்த ஒரு பொய்தான்' என்று நினைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

அடி விழுந்த இடத்தில் சாப்பாடு போட்டாள். கத்தி வந்த இடத்தில் கேரம் போர்டை வைத்தாள். வார்டரைத் தங்கமான மனுஷராக்கினாள்.

"என்னாடி இது, நெசமாவே மாமியா வூடா இருக்குது!" என்றாள் கண்ணம்மாள்.

"ரத்தத்தையெல்லாம் அட்டையிலயே காலி பண்ணிட்டான் போலருக்கு."

"கொல எப்ப வரும் டீச்சர்? சோத்து மணிக்குள்ள வந்துருமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நீலாவதி மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த கட்டையைத் துடைக்காமலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

மனு எழுதிக்கொடுத்துவிட்டுக் கைதியைப் பார்க்க அவன் பெண்டாட்டி வரும் இடம் வந்தது.

"'ரெண்டு வாரம் என்னைப் பார்க்க வராதே' அப்படின்னு சொன்னான்..."

நீலாவதி சட்டென்று நிமிர்ந்தாள். "ஏன் டீச்சர் வரவேணாங்கறான்?"

ஜெயமேரி அடுத்த வரிகளைப் பார்த்தாள். அவனைத் தீர்த்துக்கட்ட உள்ளேயே நாள் குறித்துவிட்டார்கள். அது அவனுக்குத் தெரியும். உடைந்துபோன முகத்தை அவள் பார்த்துவிடக் கூடாதென்று இருட்டில் ஒதுங்கி நின்று சொல்கிறான்.

"அது... உள்ள தறி வேலை குடுத்திருக்காங்களாம். பாதியில எழுந்து வந்தா கூலி போயிடுமாம். புள்ளைக்கு சட்டை எடுக்கணுமே, அதான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

நீலாவதி மூச்சை விட்டாள். சோத்து மணி அடித்ததும் வெளியே போய்விட்டு வந்து, தன் டப்பாவைத் துடைத்துச் சாப்பிட்டாள். ராஜாம்பாளின் கருவாட்டுக் குழம்பையும் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டாள். இந்த நாலு மாசத்தில் அவள் அப்படிச் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை.

ஜெயமேரிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இந்தப் பொய்யை கான்வென்ட் சிஸ்டர்கள்கூட மன்னித்துவிடுவார்கள்.

சாயங்காலம் கம்மாபுரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது நீலாவதி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்குப் புண்ணியமா போவும் டீச்சர். போன மனுவுல எங்க வூட்டுக்காரரும் இதேதான் சொன்னாரு. ரெண்டு வாரம் வராதன்னு. மொகத்த அந்தாண்ட திருப்பிக்கிட்டே சொன்னாரு. எனக்கு ஈரக்கொல நடுங்கிப்போச்சு. நாளைக்கு வக்கீல இட்டுக்கிட்டு போயி, ஜட்ஜுகிட்ட சொல்லி வேற ஜெயிலுக்கு மாத்திடலாம்னு இருந்தேன்."

"இருந்தேன்னா?"

"இப்ப எதுக்கு? அதான் தறி வேலைன்னு தெரிஞ்சுபோச்சே. சோத்து மணியில டீக்கடை போன்ல ஒரு ரூவா போட்டு, வக்கீலுகிட்ட வரவேணாங்கன்னு சொல்லிட்டேன். சரின்னுட்டு அவரும் வேற கேசுக்கு மெட்ராஸு கெளம்பிட்டாரு. வர ரெண்டு வாரமாவுமாம்."

ஜெயமேரி அவள் கையை இறுகப் பிடித்தாள்.

"நீலா... நான் படிச்சது..."

"ஐயோ, முடிவ இப்பவே சொல்லிடாதீங்க டீச்சர். நாளைக்குக் கேட்டுக்கறேன்."

ஜெயமேரி பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். ரோட்டோரத்திலேயே நின்று அந்தப் பக்கத்தை அவளுக்கு வாய்விட்டுப் படித்தாள். இந்தத் தடவை இருந்தது இருந்தபடி. ஒரு வரியையும் விடவில்லை.

பஸ் வந்தது. நின்றது. போனது.

நீலாவதி அழவில்லை. அந்தப் பக்கத்து எழுத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவரும் நல்லாருக்கேன்னு சொன்னாரு. வக்கீலும் நல்லாருக்காருன்னாரு. அச்சடிச்ச புக்காவது நெசத்தச் சொல்லும்னுதான் டீச்சர், இத வாங்கியாரச் சொல்லி ராஜாம்பா அக்காகிட்ட நான் கேட்டேன்."