பெரியவள் வீடு

“அம்மா இப்பத்தான் கண்ணசந்தாங்கக்கா. எழுப்ப வேண்டாமே...”

சின்னவள் கதவைப் பாதிதான் திறந்தாள். அந்தப் பாதியையும் தானே அடைத்துக்கொண்டு நின்றாள்.

“நான் எப்ப வந்தாலும் தூங்கறாங்க. அப்படி என்னடி ராப்பகலாத் தூக்கம்?”

“மாத்திரை அப்படிக்கா.”

பெரியவள் வாங்கி வந்த பழங்களைத் தங்கையின் கையில் திணித்துவிட்டு வேனுக்குத் திரும்பினாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள் அவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே இங்கேதான் வருவாள். வந்த வேகத்தில் திரும்புவாள். அன்று கியர் பட்ட பாடு கியருக்குத்தான் தெரியும். சாயங்காலம் வேனில் பிள்ளைகள்கூடக் கத்தவில்லை. அவள் அடித்த ஹாரனே போதுமாக இருந்தது.

வயிறு எரிந்தது அவளுக்கு. அம்மா வழுக்கி விழுந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் சின்னவள் வீட்டில்தான் இருக்கிறாள். பெரியவளும் சும்மா இருக்கவில்லை. தன் வீட்டில் அம்மாவுக்கென்று ஓர் அறையை ஒழித்து, பெயின்ட் அடித்து, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பிகூடப் பதித்து வைத்திருந்தாள். சின்னவள் அனுப்பினால்தானே! “கொஞ்சம் தேறட்டும்க்கா” என்றே தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு முறை உள்ளே விட்டாள். அன்று அம்மா பெரியவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“என்னப் பத்தி நல்லா வத்தி வெச்சிருக்கா. இல்லன்னா பெத்தவ மூஞ்சியத் திருப்புவாளா?” என்று வீட்டில் வந்து பொருமினாள் பெரியவள்.

“உன் தங்கச்சி அப்படிப்பட்டவ இல்லையே,” என்றார் கணவர்.

“நீங்க அவளுக்கே வக்காலத்து வாங்குங்க. சின்ன வயசுலயும் இப்படித்தான். அம்மா மடியில எனக்கு இடம் கிடைச்சதே இல்ல.”

தினமும் விடிந்ததும் பெரியவளுக்கு ஒரே வேண்டுதல்தான். ‘கடவுளே, அம்மா என் வீட்டுல இருக்கணும். என் கையால சாப்பிடணும். வேற எதுவும் உன்கிட்டக் கேக்கல.’ கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

“பொறுமையா இரு. கடவுள் கேக்காமலா இருப்பார்?” என்றார் கணவர்.

“கேக்கறார், கேக்கறார். அவ சொல்றத மட்டும் நல்லாவே கேக்கறார். கும்பிடக்கூட நேரமில்லங்கறா. அவளுக்குத்தான் அள்ளிக் குடுக்கறார். இனிமே அவரை நம்பிப் பிரயோஜனமில்ல. நானே போய்க் கூட்டிட்டு வந்துடறேன்.”

மறுநாள் பள்ளிக்கூடம் அரை நாளோடு விட்டது. பிள்ளைகளை வீடுகளில் சேர்த்துவிட்டு, வேனின் பின்சீட்டில் தலையணையும் போர்வையும் போட்டுக்கொண்டு கிளம்பினாள். முன்கதவைத் தட்டினால்தானே தடுப்பாள்? பின்பக்கமாகப் போய்ச் சமையலறைக்குள் நுழைந்தாள்.

உள்ளறையில் அம்மாவின் குரல் கணீரென்று கேட்டது.

‘தூங்கறாங்களாம், தூக்கம்!’ பெரியவள் பல்லைக் கடித்தாள்.

“பெரியவளே!” என்று கூப்பிட்டாள் அம்மா.

பெரியவளுக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மா தன்னைத்தான் தேடுகிறாள்! அறை வாசலுக்கு ஓடினாள். அவள் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து பதில் வந்துவிட்டது.

“பெரியவ இங்கதாம்மா இருக்கேன். வாயத் திற, இன்னும் ஒரே வாய்.”

கிண்ணமும் கரண்டியுமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள் சின்னவள். அக்கா பின்னால் நிற்பதை அவள் பார்க்கவில்லை.

“உன் கையால சாப்பிட்டாத்தான் எனக்கு இறங்குது,” என்றாள் அம்மா. “பெரியவ வீட்டுலதான் இருக்கணும்னு கடவுள்கிட்டக் கேட்டுக்கிட்டே இருந்தேன். கொண்டு வந்து சேத்துட்டார், மகராசன். அந்தச் சின்னவளும் இருக்காளே! பெத்தவ உசிரோட இருக்காளா இல்லையான்னு ஒரு நாள் எட்டிப் பாத்தாளா?”

“வருவாம்மா. பாவம், அவளுக்கு என்ன வேலையோ.”

“வந்து கிழிச்சா!”

சின்னவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். அக்காவைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து அவளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“தப்பா நினைக்காதக்கா. விழுந்ததிலருந்து அம்மாவுக்கு நெனப்பு தடுமாறுது. வந்ததிலருந்து உன் வீட்டுக்குப் போகணும்னு ஒரே அழுகை. பச்சத்தண்ணிகூடப் பல்லுல படல. சரி, அனுப்பிடலாம்னுதான் அன்னிக்கு உன்ன உள்ள கூப்பிட்டேன். நீ போனப்புறம், ‘யாரு அந்தப் பொம்பள’ன்னு கேட்டாங்க. அவங்க நெனப்புல உனக்கு இன்னும் நரைக்கவே இல்லக்கா. அதான், நான்தான் பெரியவ, இதுதான் என் வீடுன்னு சொன்னேன். அன்னிக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாங்க. பெத்தவளுக்கே உன்ன அடையாளம் தெரியலன்னு உன்கிட்ட நான் எந்த வாயால சொல்வேன்?”

அம்மா பெரியவள் வீட்டில்தான் இருக்கிறாள். பெரியவள் கையால்தான் சாப்பிடுகிறாள். கேட்டதில் ஒன்றைக்கூடக் கடவுள் பாக்கி வைக்கவில்லை. திட்டு மட்டும்தான் சின்னவளுக்குப் போயிருந்தது. நேற்றுவரை அவளைக் கரித்துக்கொட்டியதை நினைத்துக் கூசிப்போனாள் பெரியவள்.

“அங்க யாரு பேசறது? சின்னவளா?” என்று உள்ளிருந்து கேட்டாள் அம்மா.

தங்கை பதில் சொல்வதற்கு முன் பெரியவள் உள்ளே போய்க் கட்டிலருகே நின்றாள்.

“ஆமாம்மா. சின்னவதான் வந்திருக்கேன்.”

அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். “இப்பவாவது வழி தெரிஞ்சுதே! பெத்தவள எப்படிப் பாத்துக்கணும்னு உன் அக்காவப் பாத்துக் கத்துக்கடி.”

வாசலில் நின்ற தங்கையைத் திரும்பிப் பார்த்தாள் பெரியவள்.

“கத்துக்கறேம்மா,” என்றாள்.