வாசல் நிலையில் ஒரு ஈப்புலி

"ஏளா ரிஃப்கா, கம்பைக் கீழ போடு! இப்பத்தான் மூஞ்சியத் திருப்புது!"

இல்யாஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டான். விரலை நீட்டினால் தொட்டுவிடலாம்போல, கண்ணாடியில் நின்றது அவனுடைய ஈப்புலி. உளுந்துக்குக் கைகால் முளைத்த மாதிரி ஒரு சிலந்தி.

படம் எடுத்தான். பார்த்தான்.

"வயிறு," என்றான் வருத்தமாக.

"நேத்தும் வயிறுதான், முந்தாநாளும் வயிறுதான்." ஒட்டடைக் கம்போடு வாசலில் நின்ற ரிஃப்கா கம்பைக் கீழே போடவில்லை. "இம்புட்டு வயித்த எடுத்து என்ன மச்சான், ஸ்கேன் சென்டரா வைக்கப் போறிய?"

குடும்பக் குரூப்பில் அவன் போடும் ஈப்புலி வயிறுகளுக்கு மாமனார் மட்டும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது.

"தங்கச்சியப் பார்க்க மாப்பிள்ளை வீட்டுப் பொம்பளைங்க இப்ப வந்துருவாங்க. அவங்க தலையில இது குதிச்சா சம்பந்தமும் சேந்து குதிச்சுப் போயிரும்," என்றாள் ரிஃப்கா.

"அது பாட்டுக்கு இருக்குது. ஒட்டடைகூட வராதுளா. வலை பின்னாத சாதி."

"வேலையும் பாக்காது, வீட்டை விட்டும் போகாது. எங்க வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைங்க மாதிரின்னு சொல்லுங்க."

கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடிவருவது காயல்பட்டினத்து வழக்கம். இல்யாஸும் அப்படி வந்தவன்தான் என்பதால் அந்தப் பக்கம் மேற்கொண்டு வாதாட முடியவில்லை. மார்க்கத்தின் பக்கம் போனான்.

"குகை வாசல்ல வலை பின்னி நபியக் காப்பாத்துனது சிலந்தின்னு உனக்கு ஓதிக் குடுக்கலையா?"

"அது வலை பின்னுன சிலந்தி. இது பின்னாதுன்னு இப்பத்தான் நீங்களே சொன்னிய."

தன் வாயாலேயே தன் கட்சிக்காரனைத் தூக்கில் போட்டுவிட்டான் இல்யாஸ். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னான்.

"ராஹிலாவுக்காக விடு ரிஃப்கா."

ரிஃப்காவின் கை கொஞ்சம் தயங்கியது.

ராஹிலா அவர்களுடைய மூன்று வயது மகள். வாப்பா கூப்பிட்டாலே உம்மாவின் முந்தானைக்குள் போய்விடுகிற பிள்ளை. இன்னொரு தடவை கூப்பிட்டால் அழுவாள். அவளைச் சிரிக்கவைக்க இல்யாஸ் ஆடு மாதிரிக் கத்தியிருக்கிறான், ஒட்டகம் மாதிரி உறுமியிருக்கிறான். அழுகைதான் கூடியது.

இந்த ஈப்புலி வந்து உட்கார்ந்த பிறகுதான் எல்லாம் மாறியது. "வாப்பா, பூச்சி!" என்று அவள் முதல்முறையாக வாசலில் அண்ணாந்து நின்றாள். "ஆமாளா, பூச்சிதான்," என்றான் இல்யாஸ். அவள் அழவில்லை. அன்றிலிருந்து சோறு தின்றது, கீழே விழுந்தது, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது, எல்லாவற்றையும் ஓடிவந்து வாப்பாவிடம்தான் சொல்கிறாள்.

நேற்று ஒரு துண்டு தொதல் இனிப்பு கொண்டுவந்தாள். அதில் கடுகளவு கிள்ளி, எக்கி நின்று நீட்டினாள். "வாப்பா, ஆ காட்டுங்க."

"வாப்பாவுக்கு இம்புட்டுத்தானா?"

"உங்க வாயி சின்னதுல்லா!"

சின்னப் பிள்ளைக் கணக்கு என்று இல்யாஸ் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பூச்சி போனால் பிள்ளையும் முந்தானைக்குள் போய்விடுவாள் என்பது அவனுடைய பயம்.

தெருமுனையில் ஆட்டோ ஹாரன் கேட்டது.

"வந்துட்டாங்க!" ரிஃப்கா பதறினாள். "கோவிச்சுக்கிடாதிய மச்சான். வேற பூச்சி வரும்."

"நில்லுளா! அடிக்காத, தள்ளியாவது விடு! ரிஃப்கா!"

கம்பு உயர்ந்தது.

சவூதியின் தம்மாமில், கம்பெனி அறையின் இரண்டடுக்குக் கட்டிலில், மேல்தட்டில் படுத்திருந்த இல்யாஸின் கைபேசித் திரை முழுக்க ஈர்க்குச்சிகள் நிறைந்தன. ராஹிலா தவழத் தொடங்குமுன், அவன் விமானம் ஏறப் போகும்போது வாசல் நிலைக்கு மேல் மாட்டிவிட்டு வந்த காமிரா அது. போனில் அவன் முகத்தைக் காட்டினால் ராஹிலா ஏறிட்டே பார்க்க மாட்டாள். வீட்டில் அவனுக்குக் கண்ணும் அதுதான், பேசுகிற வாயும் அதுதான். பிடித்துத் தடுக்கக் கை மட்டும் அதில் இல்லை.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அடி விழுகிற சத்தத்துக்குப் பதிலாக, குட்டிக் கால்கள் ஓடிவருகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தான். ராஹிலா உம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, தொண்டை கிழிய அழுதபடி மேலே கை நீட்டினாள்.

முதல்முறையாகத் தனக்காக அழுகிறாள் என்று இல்யாஸ் திரையைக் கன்னத்தருகே கொண்டுபோனான். அவளுடைய விரல் காமிராவைக் காட்டவில்லை. அதன் கண்ணாடியில் கால்களை ஒடுக்கிக்கொண்டு ஒட்டியிருந்த ஈப்புலியைக் காட்டியது.

"அடிக்காதீங்க உம்மா! வாப்பா செத்துப் போயிருவாங்க!"