பச்சை அலுமாரி

புத்தளத்தில் இருந்த பெரிய வீட்டை விட்டு, பாலாவியில் இரண்டு அறை வீட்டுக்கு வந்திருந்தேன். சுற்றுச்சூழலுக்காகத்தான். கற்பிட்டியிலிருந்து மழையில் நனைந்தபடி பார்க்க வந்த தங்கச்சி சுஜாந்திக்கு எல்லாவற்றையும் காட்டினேன்.

“கதிரை, மேசை, அலுமாரி எல்லாம் பாவிச்ச பழைய சாமான். இதுக்காக ஒரு மரமும் புதுசா வெட்டல்ல.”

“ஓம் அண்ணா.”

“உன்ட புருசனுக்கும் சொல்லு. எல்லாரும் புதுசு புதுசா வாங்கினா உலகம் தாங்காது.”

அவளுடைய தலைமயிரிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

“முதல்ல தலையைத் துடை. துவாய் அலுமாரிக்குள்ள இருக்கு. கடைக்காரன் பச்சைப் பெயின்ட் அடிச்சு வித்தவன், கதவு இறுகிக் கிடக்கு. பொறு, நான் வாறன்.”

நான் எழும்புவதற்குள் அவள் கதவைச் சற்றுத் தூக்கி, கீழ்மூலையைக் காலால் தட்டினாள். மூன்று மாதமாக நான் மல்லுக்கட்டிய கதவு சத்தமில்லாமல் திறந்தது.

“உனக்கு எப்படித் தெரியும்?”

துவாயை முகத்தில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

“மண்ணெண்ணெய் கிடைக்காம அவர்ட மீன்பிடி போட் கரையிலேயே கிடந்த மாசம் இதை வித்துட்டோம் அண்ணா. உங்கள்ட்ட சொல்ல வெக்கமா இருந்திச்சு.”

அவளுடைய சீதனமாக அந்த அலுமாரியை லொறியில் ஏற்றி அனுப்பியவன் நான். அதற்குப் பிறகு ஒருநாளும் அவள் வீட்டுப் படி மிதித்ததில்லை.