ஐம்பதாவது உறுப்பினர்

"என்னக்கா, இன்னும் அங்கியை மாத்தலியா? வெளியில மேளம் அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க," என்றபடியே உள்ளே வந்தார் கியெம்.

ஊர் மண்டபத்தின் பின்னறையில் லுவா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மடிப்புக் கலையாத சிவப்புப் பட்டு அங்கி. வியட்நாமியப் புத்தாண்டான டெட் பண்டிகை முடிந்த நாலாம் நாள், எழுபதையும் எழுபத்தைந்தையும் தொட்டவர்களுக்கு ஊர் கூடி அணிவிக்கிற அங்கி அது.

"நான் போட மாட்டேன் தம்பி. நேத்தே சொல்லிட்டேன்ல?"

கியெம் முதியோர் சங்கத்தின் தலைவர். ஊரில் எல்லோரும் அவருக்குப் பயப்படுவார்கள். லுவாவுக்கு மட்டும் அவர் தம்பி.

"ஏன், நிறம் பிடிக்கலியா? எனக்கு எழுபதுக்குப் போட்டாங்களே, அந்த அங்கிக்குள்ள என்னையே தேட வேண்டியிருந்துச்சு. நான் பேசாம நிக்கலியா?"

தேநீரோடு வந்த கியெமின் மனைவி ஹான் இதைக் கேட்டுச் சிரித்தார்.

"அவங்களைப் பார்த்தா எழுபத்தஞ்சு மாதிரியா இருக்கு? போன மாசம் நம்ம வீட்டுக் கூரையில ஏறி ஓடு மாத்தினாங்க. கீழ நின்னு ஏணியைப் பிடிச்ச இந்த மனுஷனுக்குத்தான் மூச்சு வாங்கிச்சு."

"ஏணி பிடிக்கிறதும் வேலைதான்," என்றார் கியெம்.

லுவா சிரிக்கவில்லை. கியெம் அவர் எதிரே உட்கார்ந்தார். குரல் மாறியிருந்தது.

"அக்கா, சங்கம் குடுக்கிற எதைத்தான் நீங்க வாங்கியிருக்கீங்க? போர்வை குடுத்தா அடுத்த வீட்டுக்கு. அரிசி குடுத்தா எதிர் வீட்டுக்கு. வைத்தியர் வந்தா நாடி பார்க்கக்கூடக் கை நீட்டலை. சரி, உங்க சுபாவம்னு விட்டோம். இது அப்படியில்ல. ஊர் செய்யற மரியாதை. சைகோன்ல இருந்து என் மகன் வந்திருக்கான், உங்களை வணங்கணும்னு. போன வெள்ளத்துல அவன் அப்பா அம்மாவைப் படகுல ஏத்தினது நீங்கதானே? நீங்க வேண்டாம்னா, அவன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

லுவா தேநீரைத் தொடாமலே எழுந்தார்.

"மேடைக்கு வர்றேன். ஆனா போட்டுக்கிட்டு வர மாட்டேன். அங்கியை நீ எடுத்துக்கிட்டு வா. மத்ததை அங்க சொல்றேன்."

முற்றம் நிறைந்திருந்தது. கிழவர்கள், கிழவிகள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். நாற்காலி கிடைக்காதவர்கள் மதில்மேல் உட்கார்ந்திருந்தார்கள். கியெம் மைக்கைப் பிடித்தார்.

"இந்தச் சங்கத்துக்குப் பதினஞ்சு வயசாச்சு. எப்படிப் பொறந்துச்சுன்னு சின்னவங்களுக்குத் தெரியாது, கேட்டுக்குங்க. அந்த வருஷ வெள்ளத்துல நம்ம ஊர்ல போன உசுரெல்லாம் கிழட்டு உசுரு. தனியா இருந்தவங்க. எந்த வீட்ல யார் தனியா இருக்காங்கன்னுகூட அப்ப யாருக்கும் தெரியலை. நம்மளை நாமதான் பார்த்துக்கணும்னு கிளம்பினோம். அறுபது தாண்டினவங்க அம்பது பேர் சேர்ந்தா சங்கத்தைப் பதிஞ்சு, ஒரு படகும் தர்றோம்னு அரசாங்கத்துல சொன்னாங்க. ஒரு வீடு விடலை. ஏறி இறங்கினோம். நாப்பத்தொம்பது பேர்தான் தேறினாங்க. எனக்கே அப்ப அறுபது ஆகலை, என்னைச் சேர்க்க முடியலை."

மதில்மேல் இருந்தவர்களும் பேச்சை நிறுத்தினார்கள்.

"வந்த அதிகாரி, அடுத்த வருஷம் பார்க்கலாம்னு எழுந்துட்டாரு. அடுத்த வருஷம் வரைக்கும் மழை நமக்காகக் காத்திருக்குமா? அப்பத்தான் கடைசி வரிசையில ஒருத்தங்க எழுந்தாங்க. தலையெல்லாம் நரை. புருஷனை வெள்ளத்துக்குக் குடுத்துட்டு, மேலாத்துப் பக்கத்துல இருந்து பிழைக்க வந்தவங்க. ஊர்ல யாருக்கும் அவங்களைச் சரியாத் தெரியாது. 'எனக்கும் அறுபது ஆச்சு, என் பேரையும் எழுதுங்க'ன்னாங்க. யார்கிட்டயும் ஒரு காகிதம் கிடையாது, எல்லாம் தண்ணியோட போச்சு. சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கிட்டாங்க. படகு வந்துச்சு."

கியெம் லுவாவின் பக்கம் கையைக் காட்டித் தொடர்ந்தார்.

"அதுக்கப்புறமும் வெள்ளம் வராம இல்ல. ஆனா ஒரு கிழவனை, ஒரு கிழவியை ஆறு கொண்டுபோகலை. இன்னிக்குச் சுத்துப்பட்டுல எந்த ஊர்லயும் நம்ம மாதிரி சங்கம் கிடையாது. அந்தப் படகோட துடுப்பு யார் கையில இருந்துச்சு? இன்னிக்கு அந்தக் கைக்கு எழுபத்தஞ்சு வயசு."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. முன்வரிசைக் கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கியெம் சிவப்பு அங்கியை விரித்துக்கொண்டு நெருங்கினார்.

லுவா அவர் கையைத் தடுத்து மைக்கை வாங்கினார்.

"இதைப் போட்டுக்கிட்டா, உண்மையிலேயே இந்த வயசைத் தொட்டவங்களை நான் அவமதிச்ச மாதிரி ஆகும். அன்னிக்கு ஒரு ஆள் குறைஞ்சதுக்காக ஒரு பொய் சொன்னேன். நரைச்ச தலையைப் பார்த்து எல்லாரும் நம்பிட்டீங்க."

பிறகு கியெமின் பக்கம் திரும்பி, பதினைந்து வருடத்தில் முதல்முறையாக அவர்முன் தலைதாழ்த்தினார்.

"கியெம் அண்ணா, எனக்கு இந்த டெட்டோடதான் அறுபது ஆகுது. என்னையும் சங்கத்துல சேர்த்துக்குங்க."