சுவர்ப் பக்கம்

கோட்டயத்துக்கு வெளியே உள்ள அந்த முதியோர் இல்லத்தில் ஈப்பன் அப்பச்சனுக்குக் கை கால் எதுவும் அசையாது. படுக்கைப்புண் வராமலிருக்க அவரை அவ்வப்போது புரட்டிப் படுக்கவைப்பது லிஜியின் வேலை. அவளோ காலையில் சுவரைப் பார்க்கப் போட்டுவிட்டால் அப்புறம் எட்டிப் பார்க்க மாட்டாள். ஆள் கண்ணில் படாவிட்டால் கிழவர் கூப்பிடவும் மாட்டார் என்பது அவள் கண்டுபிடிப்பு. அவருடைய இடுப்புப் புண் எலும்பை நெருங்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை லிஜி மதியக் கஞ்சியோடு போனபோது அவர் கதவைப் பார்த்துப் படுத்திருந்தார். முழங்கால்களுக்கு நடுவே தலையணை பதமாக வைக்கப்பட்டிருந்தது. புண்ணில் புதுக் கட்டு. அன்று அந்த மாடியில் அவளைத் தவிர வேறு யாருக்கும் வேலை இல்லை.

"யாருய்யா உம்மைப் புரட்டினது?"

"லிஜி."

"நான்தான்யா லிஜி."

"நீயா? கஞ்சியை மூக்குல ஊத்துறவதானே நீ? அவ கை பஞ்சு மாதிரி இருக்கும்டி."

"வாயை மூடும். இன்னொரு தடவை இந்தப் பக்கம் திரும்பினா கட்டிலோட கட்டிப் போட்டுருவேன்."

கிண்ணத்தை வைத்துவிட்டு அவரைத் தள்ளக் குனிந்தாள். அப்பச்சன் அவளைத் தாண்டிப் பார்த்துச் சிரித்தார்.

"லிஜி மோளே, இவளைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிடு."

ஒரு கை அவள் தோளிலும் இன்னொரு கை இடுப்பிலும் பதிந்தன. வலிக்கவே இல்லை. லிஜியின் முகத்துக்கு நேரே சுவர் வந்து நின்றது. எவ்வளவு முயன்றும் அவளால் திரும்ப முடியவில்லை.

முதுகுக்குப் பின்னால் அவளுடைய குரலே கேட்டது. "சூடு ஆறிடுச்சு அப்பச்சா, மெதுவாக் குடிங்க."